கூட யார் இருக்காங்க?

இங்க யாரும் உக்காந்திருக்காங்களா சார்? இல்லையே? அப்ப நான் உக்காந்துக்கறேன். பையை எடுக்க வேண்டாம், இவ்வளவு இடம் எனக்குப் போதும். உக்கார்றதுக்குத்தான் கொஞ்சம் நேரமாகும். முதல்ல திரும்பணும், அப்புறம் பின்னங்கால்ல பெஞ்சு படுதான்னு பாக்கணும், அப்புறம் பொத்துனு விழணும். ம். ஆச்சு.

கையைப் பாக்காதீங்க. யாராவது பாத்தா இன்னும் ஜாஸ்தியா ஆடும். பார்க்கின்சன்ஸ். நடுக்குவாதம்னு அந்தச் சுவத்துல தமிழ்ல எழுதியிருக்கு பாருங்க, அதேதான். ஆனா எனக்கு நடுக்கம் பெரிய தொந்தரவில்ல, கால்தான். நல்லா நடந்துக்கிட்டே இருப்பேன், நடுவழியில தரையில ஒட்டிக்கும். மனசு அடுப்படிக்குப் போயிடும், கால் கூடத்துலயே நிக்கும். பால் பொங்கி வழியறது கண்ணுக்குத் தெரியும், போய் அணைக்க முடியாது. அப்படி ஒரு வியாதி.

உங்க வீட்டம்மாவை ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போனாங்க இல்ல? பாத்தேன். அவங்க திரும்பித் திரும்பி உங்களைப் பாத்துக்கிட்டே போனாங்க. கவலைப்படாதீங்க, அந்த ரூமுக்குள்ள போனா சீக்கிரத்துல விடமாட்டாங்க. பேசிக்கிட்டிருக்கலாம். பேசினா பரவாயில்லையே?

என் பேர் தையல்நாயகி. சொந்த ஊர் மாயவரம் பக்கம். வேலை பாத்தது, வீடு கட்டினது எல்லாம் இந்தத் திருச்சியிலதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டர். ட்ரங்க் கால் புக் பண்ணிட்டு ஜனங்க காத்துக் கிடந்த காலம். கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு கேக்காதீங்க, பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. ஒரு தம்பி இருந்தான், போயிட்டான். அவன் மகன் சிவநேசன் ஓசூர்ல இருக்கான். நல்ல பையன். நல்ல பையனா இருக்கறதுதான் இப்ப எனக்குத் தொந்தரவே.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். நான் பொய் சொல்றவ இல்ல. எக்ஸ்சேஞ்ச்ல லைன் கிடைக்கலைன்னு சும்மா சொல்லிட்டு டீ குடிக்கப் போறவங்க உண்டு. நான் போனதில்ல. கிடைச்சா கிடைச்சுதுன்னு சொல்வேன், இல்லைன்னா இல்லைன்னு சொல்வேன். அதை மனசுல வச்சுக்கிட்டு நான் சொல்றதைக் கேளுங்க.

உறையூர்ல என் வீடு. கீழ நான், மாடியில மெஹருன்னிசான்னு ஒரு அம்மா குடும்பத்தோட வாடகைக்கு இருக்காங்க. எனக்கு ஒத்தாசைக்கு ஒரு ட்ரஸ்ட்லேர்ந்து ஆள் அனுப்பறாங்க. அமலோற்பவம்னு பேரு. தங்கமான பொண்ணு. குளிப்பாட்டும், தலை பின்னும், சோறு வடிச்சுக் குழம்பு வச்சு மூடி வச்சிட்டு, மாத்திரையை டப்பாவுல பிரிச்சுப் போட்டுட்டுப் போயிடும். முன்னெல்லாம் தினம் வந்துச்சு. அப்புறம் ட்ரஸ்ட்ல ஆள் குறைஞ்சு போச்சு, படுத்த படுக்கையா இருக்கறவங்க நிறையப் பேர் சேந்துட்டாங்க, நீங்க நடமாடறீங்களேம்மான்னாங்க. இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள். அதுவும் காலையில மட்டும். கோவிச்சுக்க முடியுமா? படுத்திருக்கறவங்களுக்குத்தானே முதல்ல போகணும்.

அது போனப்புறம் வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொன்னா புரியாது. உங்களுக்கு வீட்ல ஆள் இருக்காங்க. ஆள் இருக்கற வீட்ல ஒரு டம்ளர் விழுந்தா, என்ன அதுன்னு ஒரு குரல் வரும். என் வீட்ல டம்ளர் விழுந்தா, உருண்டு உருண்டு அதுவாவே நிக்கணும். அது நிக்கற வரைக்கும் நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்.

போன ஆடியில இங்க வந்தப்ப கால் ரொம்பவே ஒட்டுதுன்னு சொன்னேன். டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டினார். கூட்டினதும் கால் நல்லா வந்துடுச்சு சார், பொய் சொல்லக் கூடாது. வாசல் வரைக்கும் போய் நானே பூ வாங்கினேன். அந்த வாரத்துலதான், அமலோற்பவம் வராத ஒருநாள், காப்பி கலந்து எடுத்துக்கிட்டுக் கூடத்துக்கு வர்றேன். ஜன்னல் பக்கம் பிரம்பு நாற்காலியில ஒருத்தர் உக்காந்திருக்கார்.

கரண்ட் ரீடிங் எடுக்கறவர்னு நெனச்சேன். கதவு சாத்தியிருக்கு, எப்படி வந்தார்னு எனக்கு அப்பத் தோணல. என்ன தோணுச்சுன்னா, ஷூ போட்டுக்கிட்டு உள்ள வந்திருக்காரேன்னுதான் தோணுச்சு. "சார், அதை வெளிய கழட்டிட்டு வாங்க"ன்னேன். அதுதான் நான் அவர்கிட்டப் பேசின முதல் வார்த்தை. மேல ஃபேன் ஓடுது. காலண்டர் படபடன்னு அடிச்சுக்குது. அவர் தலைமுடி மட்டும் அசையல. அப்பப் புரிஞ்சுது எனக்கு.

காப்பியைக் கீழ வச்சுட்டு என் இடத்துல உக்காந்தேன்.

எப்படி இருப்பார்னு கேக்கறீங்களா? உங்க வயசு இருக்கும். அரைக்கைச் சட்டை, வெளிர் நீலம். பேன்ட். நல்லா பாலிஷ் போட்ட ஷூ. முகம் தெரியாது. பின்னாடி ஜன்னல் வெளிச்சம் அடிக்கறதால முகம் மட்டும் இருட்டா இருக்கும். இந்தப் பக்கம் போய்ப் பாத்தா தெரியும்தான். போனா அவர் இருக்கமாட்டார். நாற்காலி மட்டும் இருக்கும். திரும்பி வந்து என் இடத்துல உக்காந்தா அவரும் இருப்பார்.

பேய்னு நெனச்சுடாதீங்க. எனக்குத் தெரியும், மாத்திரைதான். இங்க இருக்கற சிஸ்டர் ஒருத்தி முன்னாடியே சொன்னா, இந்த மாத்திரைக்குச் சிலபேருக்கு இல்லாத ஆள் தெரியும்மா, தெரிஞ்சா சொல்லுங்கன்னு. சொன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். குறைப்பாங்கன்னா. குறைச்சா என் காலுன்னேன். பழையபடிதான்னா. அதனால நான் சொல்லல. என் காலுக்காகத்தான் சார் சொல்லல. வேற என்ன இருக்கு?

வெறும் மாத்திரைன்னு தெரியும். தெரிஞ்சாலும், வீட்டுக்குள்ள ஒரு ஆம்பளை உக்காந்திருக்கார் இல்லையா? எங்கப்பாவும் தம்பியும் போனப்புறம் என் வீட்ல ஒரு ஆம்பளை அரைமணி நேரம் சேந்தாப்போல உக்காந்ததில்ல. பிளம்பர் வந்தாக்கூட வாசக்கதவைத் திறந்து வச்சுட்டு அங்கயே நிப்பேன். இப்ப இவர் காலையில வந்தா விளக்கு வைக்கற வரைக்கும் போறதில்ல. நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டுத்தான் திரியறது. காலை நீட்டி உக்கார முடியறதில்ல. சத்தமா ஒரு கொட்டாவி விட முடியறதில்ல, கேளுங்களேன்.

சாப்பாடுதான் பெரிய சங்கடமாப் போச்சு. ஒருத்தர் எதிர்ல உக்காந்திருக்கறப்ப அவரை வச்சுக்கிட்டு நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது? முதல்நாள் அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். கால் ஒட்டிக்கிட்டு ரொம்ப நேரம் அங்கயே நின்னேன். மறுநாள், போடா வெக்கம்னு கூடத்துல உக்காந்து தட்டை எடுத்தேன். வாய்க்குள்ள போகல சார். "சாப்பிடறீங்களா?"ன்னேன். ஒரு வார்த்தைக்குத்தான் கேட்டேன். கேட்டுட்டா வைக்கணும் இல்ல? இன்னொரு தட்டு வச்சேன். அமலோற்பவம் ஒரு ஆளுக்குத்தான் வடிக்கும், நோயாளிக்கு மட்டும்தான் சமைக்கணும்னு ட்ரஸ்ட்ல சட்டம். அதுல பாதி அவருக்கு, பாதி எனக்கு.

அவர் தொடமாட்டார். சாயங்காலம் சோறு காஞ்சு போயிருக்கும். காக்காய்க்கு வைக்கலாம்னு எடுத்துட்டுப் போனேன், அப்புறம் மனசு வரல. காக்காய்க்கு வச்சா செத்தவங்களுக்கு வச்ச மாதிரி ஆயிடும். இவர் செத்தவரா என்னன்னு நமக்கென்ன தெரியும்? தெரியாம அப்படிச் செய்யலாமா? தெருவுல வர்ற மாட்டுக்குப் போட்டுட்டேன். தினம் அப்படித்தான்.

அமலோற்பவம் கண்டுபிடிச்சுடுச்சு. சிங்க்ல ரெண்டு தட்டு கிடக்கே, யாரும்மா வந்தாங்கன்னுச்சு. நான் பொய் சொல்றவ இல்லைன்னு சொன்னேனே, சொல்லிட்டேன். அது அந்த நாற்காலியைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. விளக்குமாத்தைக் கீழ வச்சுட்டு நெஞ்சுல சிலுவை போட்டுக்கிச்சு. அடுத்த தடவை வர்றப்ப மாதா கோயில்லேர்ந்து ஒரு சின்ன பாட்டில்ல தீர்த்தம் கொண்டாந்து நாற்காலி பூரா தெளிச்சுது. அப்ப அவர் அங்கதான் உக்காந்திருந்தார். ஒரு சொட்டு அவர் சட்டையில விழல, பின்னாடி பிரம்புலதான் விழுந்துச்சு. நான் அதைச் சொல்லல. பாவம், அவ்வளவு தூரம் பஸ்ல கொண்டு வந்திருக்கு.

"டாக்டர்ட்ட சொல்லுங்கம்மா. பாதிச் சோறு தின்னு எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க, முதுகு தேய்க்கறப்ப கையில குத்துது"ன்னுச்சு. சொல்றேன் சொல்றேன்னேன். அடுத்த தடவையிலேர்ந்து அது ஒரு பிடி அரிசி கூடப் போட ஆரம்பிச்சுது. யாருக்குன்னு நான் கேக்கல. அதுவும் சொல்லல.

அப்படியே பழகிடுச்சு சார். வாழ்நாள் முழுக்க நான் முகம் தெரியாதவங்களோட பேசியே சம்பாதிச்சவ. இவருக்கும் முகம் தெரியாது, என்ன பெரிய வித்தியாசம்? காலையில எழுந்து பேப்பர்ல இருக்கறதைப் படிச்சுச் சொல்வேன். மழை வருமா வராதான்னு கேப்பேன். அவர் கேட்டுக்கிட்டே இருப்பார். நடுவுல எழுந்து போகமாட்டார். நான் பேசி முடிக்கற வரைக்கும் உக்காந்து கேட்ட ஆம்பளைன்னு பாத்தா, இவர் ஒருத்தர்தான்.

பயமா? பயமில்லைன்னு சொல்லமாட்டேன். சில நாள் அவர் வர நேரமாகும். அப்ப நான் அந்த நாற்காலியையே பாத்துக்கிட்டு இருப்பேன். வந்தா பயம், வரலைன்னா அதைவிடப் பயம். எதுக்குப் பயப்படறேன்னு எனக்கே தெரியல.

நான் கீழ விழுந்தது தைமாசம். அன்னைக்கும் அமலோற்பவம் வராத நாள். தயிர்சாதம் மேல கொட்டிடுச்சு, நைட்டியை மாத்தணும். என் படுக்கையறைக் கதவுல தாழ்ப்பாள் கிடையாது. உள்ள தாழ் போட்டுக்கிட்டு விழுந்தீங்கன்னா யாரும் வரமுடியாதுன்னு ட்ரஸ்ட்காரங்களே கழட்டிட்டுப் போயிட்டாங்க. கதவு தானாத் திறந்துக்கும். நாற்காலியிலேர்ந்து பாத்தா கட்டில் தெரியும். அவர் உக்காந்திருக்கறப்ப அங்க நின்னு எப்படி மாத்தறது? பாத்ரூமுக்குப் போனேன். தரை ஈரம். நைட்டியைத் தலைவழியாக் கழட்டறப்ப கால் ஒட்டிக்கிச்சு. கை ரெண்டும் மேல மாட்டிக்கிச்சு. விழுந்துட்டேன்.

இடுப்புல சரியான அடி. எழுந்திருக்க முடியல. பாவாடையோட கிடக்கறேன். பாத்ரூம் கதவு பாதி திறந்து கிடக்கு. கீழே கிடந்து பாத்தா கூடம் தெரியுது, அவர் தெரியறார். அந்த ஷூ தெரியுது.

"சார்"னு கூப்பிட்டேன். பேர் தெரியாதே, வேற எப்படிக் கூப்பிடறது? "சார், விழுந்துட்டேன். எழுப்பி விடுங்க"ன்னேன். அப்புறம் எனக்கே பகீர்னுச்சு. நிஜமாவே எழுந்து வந்துட்டா? நான் இந்தக் கோலத்துல கிடக்கறேன். வந்துடாதீங்கன்னு கத்தினேன். கொஞ்ச நேரம் கழிச்சு வலி தாங்கல, வாங்க வாங்கன்னு கத்தினேன். அன்னைக்கு மத்தியானம் பூரா இப்படியே. வாங்கம்பேன், வராதீங்கம்பேன். அழுதேன் சார். அம்மா செத்தப்பக்கூட அப்படி அழல.

அவர் என்ன பண்ணினார் தெரியுமா? மெதுவா முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டார். அதுவரைக்கும் அவர் அசைஞ்சு நான் பாத்ததே இல்ல. அன்னைக்குத் திரும்பினார். திரும்பினவர் திரும்பினவர்தான், ஒரு தடவைகூட என் பக்கம் பாக்கல. மரியாதை தெரிஞ்ச மனுஷன். கோவமும் வந்துச்சு எனக்கு, இல்லைன்னு சொல்லல. ஒருத்தி கீழ கிடக்கறா, ஒரு கை கொடுக்கலாமேன்னு. ஆனா யோசிச்சுப் பாருங்க, எத்தனை பேர் அப்படி முகத்தைத் திருப்பிக்குவாங்க?

வெளிச்சம் சாயறப்பதான் மெஹருன்னிசா வந்தாங்க. என்னைத் தேடி வரல. மோட்டார் சுவிட்ச் என் வீட்டுக்குள்ள இருக்கு, நான்தான் தினம் போடுவேன். மாடியில தண்ணி வரலைன்னு கதவைத் தட்டினாங்க. நான் முனகறது கேட்டு, அவங்ககிட்ட இருக்கற சாவியைப் போட்டுத் திறந்து ஓடி வந்தாங்க. "யா அல்லா, என்ன மேடம் இது!"ன்னு என்னைத் தூக்கப் போனாங்க. நான் சொன்னேன், முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க, கூடத்துல ஆள் இருக்காருன்னு.

அவங்க திரும்பிக் கூடத்தைப் பாத்தாங்க. எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்தாங்க. அவங்களுக்கு என்ன தெரிஞ்சுது, எனக்காகச் சாத்தினாங்களா, நான் இன்னைக்கு வரைக்கும் கேக்கல. அந்த அம்மா தண்ணி வராததாலதான் வந்தாங்கன்னு ஊரே சொல்லட்டும். அவர்தான் அனுப்பியிருப்பார்னு எனக்கு ஒரு எண்ணம். இருக்கட்டும், அதை விடுங்க.

இங்க கொண்டாந்து சேர்த்தாங்க. எலும்பு உடையல, விரிசல்தான். அப்ப இதோ உள்ள இருக்காரே, இந்தச் சின்ன வயசு டாக்டர்தான் வந்து பாத்தார். வழக்கமாக் கேக்கறதைக் கேட்டார். "அம்மா, வீட்ல கூட யார் இருக்காங்க?"

ஒவ்வொரு தடவையும் இதைத்தான் கேப்பாங்க சார். யாரும் இல்லைன்னா உடனே முகம் ஒரு மாதிரி ஆயிடும். சிவநேசனுக்குப் போன் போடுவாங்க. அவன் கார் எடுத்துட்டு ஓடி வருவான். ஓசூர்ல ஒரு முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கான். போட்டோ அனுப்பினான். ஒரு ரூம்ல ரெண்டு கட்டில். ஒண்ணுல ஒரு அம்மா ஏற்கெனவே படுத்திருக்காங்க, போட்டோவுலயே. "நல்லா கவனிச்சுக்குவாங்க அத்தை, எனக்கும் நிம்மதியா இருக்கும்"ங்கறான். அவன் நிம்மதிக்கு நான் என் வீட்டைப் பூட்டிட்டுப் போகணும். போனா திரும்பி வரமாட்டேன்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டாக்டர் கேட்டதும் நான் சொன்னேன், "இருக்கார் ஒருத்தர்"ன்னு.

பொய்யா அது? நீங்களே சொல்லுங்க. இருக்காரா இல்லையா?

"சொந்தமாம்மா?"ன்னார். "இல்ல, பழக்கம்தான்"ன்னேன். "எப்பவும் வீட்லதான் இருப்பாரா?"ன்னார். "பகல் முழுக்க இருப்பார்"ன்னேன். டாக்டருக்கு முகமே மலர்ந்துடுச்சு. "அப்பச் சரி. தனியா இருந்தா இந்த டோஸ் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப எனக்குப் பயம். அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க, நான் அவர்கிட்டப் பேசணும், எப்படிப் பாத்துக்கணும்னு சொல்லிக் கொடுக்கணும்"னார்.

சிவநேசனுக்கும் சொல்லிட்டார். அன்னைக்கு ராத்திரி அவன் போன் பண்ணினான். தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "நல்லவரா அத்தை?"ன்னான். சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. "குடி கிடையாது, சிகரெட் கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்"னேன். உள்ளதைத்தானே சொன்னேன். "டாக்டர் அவரைப் பாத்து ஓகே சொல்லிட்டார்னா நான் இல்லத்தைப் பத்தி இனிமே வாயே திறக்கமாட்டேன். இல்லைன்னா அந்த வாரமே ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடுவேன் அத்தை, நீங்க என்ன சொன்னாலும் சரி"ன்னான்.

அந்த அடுத்த தடவைதான் சார் இன்னைக்கு.

காலையில அவர்கிட்டச் சொல்லிப் பாத்தேன். இன்னைக்கு ஒருநாள் வாங்களேன், ஆட்டோ வாசலுக்கே வரும்னு. எனக்கே தெரியும் அது பைத்தியக்காரத்தனம்னு. ஆனா சொல்லாம எப்படிக் கிளம்பறது? உக்காந்தே இருந்தார். ஆட்டோக்காரர் ஹார்ன் அடிச்சார், பூட்டிட்டு வந்துட்டேன்.

இன்னொண்ணும் இருக்கு. சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். இந்தப் பத்து நாளா அடுப்படியில ஒரு பொம்பளை நிக்கறா. கதவுக்கு அந்தப் பக்கம், பாதி உடம்பு மட்டும் தெரியும். அவ இவர் மாதிரி இல்ல. அவ என்னையே பாக்கறா. நான் அந்தப் பக்கம் திரும்பறதில்ல. அடுப்படிக்கும் போறதில்ல. தண்ணிக் குடத்தைக் கூடத்துலயே வைக்க அமலோற்பவத்துக்கிட்டச் சொல்லிட்டேன். அவளைப் பத்திப் பேசினா இன்னும் கிட்ட வந்துடுவான்னு ஒரு இது. அவளைப் பத்தி டாக்டர்ட்டயும் சொல்லப் போறதில்ல, உங்ககிட்டயும் இதோட நிறுத்திக்கறேன். இவர் இருக்கற வரைக்கும் அவ கூடத்துக்கு வரமாட்டா. அதனால இவர் இருக்கணும். மாத்திரை குறையக் கூடாது. என் காலுக்காகவும்தான்.

ஏன் உங்ககிட்ட இதெல்லாம் சொல்றேன்னு கேக்கமாட்டேங்கறீங்களே.

நான் வந்து ரொம்ப நேரமாச்சு சார். அதோ அந்தத் தூண் பக்கத்துல நின்னு எல்லாரையும் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தர் கூடவே ஒரு பட்டாளம், ஒருத்தர் போன்லயே கத்தறார். நீங்கதான் சும்மா உக்காந்திருந்தீங்க. உங்க வீட்டம்மா போனதுக்கப்புறமும் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு, ஒரு அசைவு இல்லாம. வயசும் அந்த வயசுதான். அவருது நீலச் சட்டை, உங்களுது வெள்ளை, டாக்டருக்கு என்ன தெரியப் போகுது?

ஐயோ, எழுந்திருக்காதீங்க. உங்களைப் பொய் சொல்லச் சொல்வேனா? நானே சொன்னதில்ல. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். என் பக்கத்துல உக்காந்தாப் போதும். அவரும் அவ்வளவுதான் செய்யறார். டாக்டர் ஏதாவது சொன்னா தலையாட்டுங்க. உங்க வீட்டம்மாவுக்கும் இப்படி எல்லாத்தையும் கேட்டுத்தானே வச்சுக்கறீங்க, அதே மாதிரி கேட்டுக்கோங்க. நீங்கதான் கூட இருக்கறவரான்னு கேட்டா, இருக்கேன்னு ஒரே ஒரு வார்த்தை. அது எப்படிப் பொய்யாகும்? என்கூடத்தானே அப்ப இருப்பீங்க?

கூப்பிட்டுட்டா. கேட்டீங்களா, தையல்நாயகின்னா. இதோ வர்றோம் சிஸ்டர்! வர்றோம்!

எழுந்துட்டீங்களா? வர்றீங்களா சார்? வர்றீங்களா?

மகராசனா இருங்க. உங்க வீட்டம்மா நல்லபடியா வருவாங்க. இருங்க, எனக்கு எழுந்திருக்க ஒரு நிமிஷம் ஆகும். ம். ஆச்சு.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஒரு ஆம்பளையைத் தொட்டுப் பேசினவ இல்ல, என் வாழ்நாள்ல யார்கிட்டயும் இப்படிக் கேட்டதில்ல. உங்க கையைக் கொஞ்சம் கொடுங்க. ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கறேன், அப்புறம் போலாம்.

சூடா இருக்கு. சரி, வாங்க.